‘நகரத்தோம்’ முதல் ‘வைக்கப்படுகிறது’ வரை: நகர்மன்றத் தீர்மானங்களின் தொடரமைப்பும் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழக நகராட்சிகளின் அன்றாட அலுவல்கள் நகர்மன்றத் தீர்மானங்களாகப் பதிவாகின்றன. இத்தீர்மானங்கள் ஆட்சித்தமிழ் ஆய்வுகளில் பெரும்பாலும் கலைச்சொல் நோக்கிலேயே அணுகப்பட்டு வந்துள்ளன. இக்கட்டுரை அவற்றின் தொடரமைப்பைப் பொருளாகக் கொள்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் சபையும் ஊரும் நகரமும் தன்மைப் பன்மையில் பேசுகின்றன. இன்றைய தீர்மானம் வினைமுதல் இல்லாத செயப்பாட்டு வினையில் முடிகிறது. இவ்வேறுபாட்டின் காரணங்களையும் விளைவுகளையும் கட்டுரை ஆராய்கிறது. நகராட்சியைக் களமாகக் கொண்ட புனைகதைகள் சிலவும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நகர்மன்றம், தீர்மானம், ஆட்சித்தமிழ், செயப்பாட்டு வினை, தன்மைப் பன்மை, உத்தரமேரூர், கல்வெட்டு நடை.

முன்னுரை

ஆட்சித்தமிழ் பற்றிய ஆய்வேடுகளை எடுத்துப் பார்ப்பவர் ஒரு பொதுப்போக்கை உணரலாம். சட்டமன்றம், தலைமைச் செயலகம், நீதிமன்றம் ஆகிய உயர்நிலை அமைப்புகளின் தமிழ் பேசப்படும். கலைச்சொற்கள் பட்டியலிடப்படும். அயற்சொல்லுக்கு ஈடான தமிழ்ச்சொல் எது, அது வழக்கூன்றியதா என்ற வினாவோடு ஆய்வு நிறைவுறும். ஒரு சிற்றூர்வாசிக்கு அரசு என்பது முதலில் தெருக்குழாய், தெருவிளக்கு, குப்பைத் தொட்டி, பிறப்புச் சான்று, வீட்டுவரி ஆகியவற்றின் வடிவிலேயே அறிமுகமாகிறது. இவற்றைப் பற்றிய முடிவுகள் எழுதப்படும் தமிழ் நம் ஆய்வுப் பரப்புக்குள் இன்னும் முழுமையாக வரவில்லை.

நகர்மன்றத்தின் தமிழைக் கருதுவோர் உடனே உத்தரமேரூருக்குச் சென்றுவிடுவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. குடவோலை முறையைக் குறிப்பிட்டு, மக்களாட்சியின் தொட்டில் தமிழகம் என்று கூறி முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். இக்கட்டுரையும் உத்தரமேரூருக்குச் செல்கிறது. ஆயினும் பெருமை பேசுவதற்காக அன்று. அக்கல்வெட்டின் இலக்கணத்தைக் காண்பதற்காக.

தீர்மானம் என்னும் உரைநடை வகை

நகர்மன்றக் கூட்டத்திற்கு முன்னர் உறுப்பினர்களுக்குக் கூட்டப்பொருள் அனுப்பப்படுகிறது. பேச்சுவழக்கில் இது அஜெண்டா. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அதற்குரிய ந.க. எண், அதன்கீழ் அலுவலகக் குறிப்பு, அதன்கீழ் தீர்மானம் எழுதுவதற்கான இடம் என்பதே இதன் அமைப்பு. பொருள்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பேருந்து நிலையக் கடைகளின் குத்தகை நீட்டிப்பு, தினசரிச் சந்தையின் சுங்க வசூல் உரிமம், கட்டணக் கழிப்பிட ஏலம், நீரேற்று நிலைய மின்மோட்டார் பழுது, தெருவிளக்குப் பொருள்கள் கொள்முதல், கொசு மருந்து, குப்பை வண்டியின் சக்கரம், பணியாளர் ஒருவரின் மாறுதல் அறிக்கை, வரவு செலவு விவரம். செலவு வருவாய் நிதியிலிருந்தா, குடிநீர் நிதியிலிருந்தா, கல்வி நிதியிலிருந்தா என்ற குறிப்பும் உடன்வரும்.

இந்த வகைமையின் பொது வாய்பாட்டைக் காட்டுவதற்காகக் கட்டுரையாளர் அமைத்த மாதிரித் தொடர் ஒன்றைக் காண்போம். இஃது எந்த ஒரு நகராட்சியின் ஆவணத்திலிருந்தும் எடுக்கப்பட்டதன்று.

“வார்டு எண் 7-இல் பழுதடைந்துள்ள குடிநீர்க் குழாயினை மாற்றியமைக்கும் பணிக்கு வரப்பெற்ற ஒப்பந்தப்புள்ளிகளில் குறைந்த ஒப்பந்தப்புள்ளியினை ஏற்பது குறித்து மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது.”

இதன்கீழ் வரும் தீர்மானம் பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களில் அடங்கிவிடும்: “அலுவலகக் குறிப்பின்படி அனுமதிக்கப்பட்டது.” சில இடங்களில் “அனுமதிக்கலாம்” என்ற ஒற்றைச் சொல்லே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது.

வினாக்களை இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். குழாய் பழுதடைந்துள்ளது; எப்போது பழுதடைந்தது, யார் முறையிட்டார் என்பது தொடரில் இல்லை. ஒப்பந்தப்புள்ளிகள் வரப்பெற்றுள்ளன, பெற்றவர் இல்லை. பொருள் மன்றத்தின்முன் வைக்கப்படுகிறது, வைப்பவர் இல்லை. இறுதியில் அனுமதிக்கப்படுகிறது, அனுமதித்தவர் இல்லை. நான்கு வினைகளும் மனிதர் செய்பவை, அல்லது மனிதர் செய்யத் தவறியவை. ஆனால் தொடருக்குள் மனிதர் ஒருவரும் இல்லை. “மன்றத்தின்” என்ற ஆறாம் வேற்றுமைப் பெயர் ஒன்றே கூட்டுநிலையைக் குறிக்கிறது. அதுவும் எழுவாயாக நிற்கவில்லை.

“அனுமதிக்கலாம்” என்ற வடிவம் தனியே கருதத்தக்கது. அலுவலகக் குறிப்பின் இறுதியில் வரும்போது அது பரிந்துரை: அனுமதித்தால் தவறில்லை என்பது பொருள். அதே சொல் தீர்மானப் பகுதிக்குப் பெயர்த்தெழுதப்படும்போது முடிவாகிறது. அலுவலர் சொன்ன ‘லாம்’ எது, மன்றம் சொன்ன ‘லாம்’ எது என்று வடிவத்தைக் கொண்டு பிரிக்க இயலாது. பரிந்துரைப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர் என்பதே உள்ளாட்சிச் சட்டத்தின் அடிப்படை. அந்த எல்லைக்கோடு ஒரு விகுதியில் அழிந்துவிடுகிறது.

கல்லில் பேசும் தன்மைப் பன்மை

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. வாரியங்களுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் முறையை இவை விதிக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்படுகிறது. இரண்டாம் கல்வெட்டின்படி உறுப்பினர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராக இருக்க வேண்டும். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்படுகின்றனர். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன இம்முறையில் அமைக்கப்பட்டன. இச்செய்திகள் யாவும் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் காலந்தொட்டு விரிவாக ஆராயப்பட்டவை.

குறைவாகக் கவனிக்கப்பட்டது கல்வெட்டின் பேசும் குரல். அங்கே விதி விதிக்கப்படவில்லை, சபை விதிக்கிறது. “சபையோம்” என்று தன்னைச் சுட்டிக்கொண்டு பேசுகிறது. இது உத்தரமேரூருக்கு மட்டும் உரியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் பிராமண ஊர்களின் அவை “சபையோம்” என்றும், வேளாண் ஊரவை “ஊரோம்” என்றும், நாட்டவை “நாட்டோம்” என்றும், வணிக நகரின் அவை “நகரத்தோம்” என்றும் தம்மைக் கூறிக்கொள்கின்றன. தொடரின் இறுதியில் “விற்றுக் குடுத்தோம்” போன்ற வினைமுற்று அதே ஈற்றோடு வந்து எழுவாயைத் தழுவிக்கொள்கிறது. பெயரிலும் வினையிலும் ஒரே ‘ஓம்’. இடையில் எல்லைகள், நில அளவு, விலை, கடப்பாடு எனத் தொடர் எவ்வளவு நீண்டாலும் செய்தவர் யார் என்பது மறைவதில்லை. எழுதியவரும் மறைவதில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டில் சபையின் பணிப்பால் எழுதிய மத்தியஸ்தன் தன் பெயரைச் சொல்லித் தன்மை ஒருமையில் கையெழுத்திடுகிறான். ஏனைய கல்வெட்டுகளிலும் இன்னாருடைய எழுத்து என்று ஒப்பமிட்டோர் பெயர்கள் வரிசையாக வருவது பரவலான மரபு.

இங்கே நன்னூலின் ஒரு வரையறை நினைக்கத்தக்கது. தன்மைப் பன்மை ஈறுகளுள் ‘அம்’, ‘ஆம்’ என்பன முன்னிலையாரை உளப்படுத்தும். ‘எம்’, ‘ஏம்’, ‘ஓம்’ என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் என்று நன்னூலார் பிரிக்கிறார். அவ்வாறெனின் “சபையோம்” என்பது அவையில் இல்லாத தம்மவரையும் சேர்த்துக்கொள்ளும். எதிரில் நின்று கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளாது. நிலமில்லாதாரும் பெண்டிரும் பிற சாதியினரும் அக்கல்வெட்டைக் கேட்டிருக்கலாம். அதன் ‘ஓம்’ என்ற ஈற்றுக்குள் அவர்கள் இல்லை. நன்னூல் சோழர் காலத்தின் இறுதியை ஒட்டியது. கல்வெட்டு வழக்கு அவ்வரையறையை எப்போதும் பின்பற்றியது என்று கூற இயலாது. ஆகவே இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுவது தகாது. எனினும் குடவோலையை இன்றைய வாக்குரிமையோடு நேராக ஒப்பிடுவோர், கல்வெட்டின் ‘நாம்’ யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் உடன் கூறக் கடமைப்பட்டவர்கள்.

அரசின் கையும் அங்கே இல்லாமலில்லை. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் தத்தனூர் மூவேந்தவேளானும், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சோமாசிப்பெருமானும் அரசாணையால் வந்து சபையோடு உடனிருந்தனர் என்று பதிவாகியுள்ளது. இன்றைய ஆணையரின் இருக்கை அன்றும் இருந்தது என்று சற்றே விளையாட்டாகச் சொல்லலாம். வேறுபாடு, அவர் உடனிருந்தார் என்பதைக் கல்வெட்டு பெயர் சுட்டி எழுதுகிறது என்பதுதான். முடிவு சபையுடையது, உடனிருந்தவர் இன்னார் என்ற இரு செய்திகளும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றன.

சொல் மாறியது, தொடர் மாறவில்லை

இன்றைய நகராட்சி அமைப்பு கல்வெட்டுகளின் நேர் வழித்தோன்றலன்று. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானம், அதைத் தொடர்ந்த 1884ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், பின்னர் வந்த 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றின் வழியாக வந்தது. முதல் உலகப்போர் முடிவுறும் ஆண்டுகளில் ஈரோட்டில் பெரியாரும் சேலத்தில் இராஜாஜியும் நகராட்சித் தலைவர்களாக இருந்தபோது ஆட்சியின் மொழி ஆங்கிலம். 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின்னரே தமிழாக்கம் முறையான அரசுப்பணியாயிற்று.

இப்பணியில் நகராட்சிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஆட்சிச் சொல்லாக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான கீ. இராமலிங்கனார் நகராட்சி ஆணையராகப் பணிபுரிந்தவர். குழாயும் சாக்கடையும் வரியும் குத்தகையும் அன்றாடம் கடந்து சென்ற மேசையில் அமர்ந்து தமிழ்ச்சொல் தேடியவர். சேர்மன் தலைவரானதும், கமிஷனர் ஆணையரானதும், எஸ்டிமேட் மதிப்பீடானதும், டெண்டர் ஒப்பந்தப்புள்ளியானதும் அத்தலைமுறையும் அதைத் தொடர்ந்தவர்களும் உழைத்த உழைப்பின் பயன். தெருவில் இன்றும் சேர்மன், டெண்டர் என்பனவே வழங்குகின்றன என்று எள்ளுவோர் உளர். அலுவலகப் பக்கத்தில் ஒரு மொழி நிலைபெறுவதே பெரிய செயல் என்பதை அவர்கள் மறக்கின்றனர்.

ஆனால் சொல்லகராதி சொல்லைத்தான் தரும், தொடரைத் தராது. ஆங்கிலத் தீர்மானம் எழுவாய் இல்லாத இறந்தகால எச்சத்தில் தொடங்கும் வழக்குடையது. பொருள் மன்றத்தின்முன் வைக்கப்படுகிறது என்ற செயப்பாட்டுத் தொடரும் அம்மொழியின் அலுவலக மரபே. சொற்கள் ஒவ்வொன்றாகத் தமிழுக்கு மாற்றப்பட்டபோது இந்த எலும்புக்கூடு அப்படியே நின்றது. தமிழாக்கம் முழுமை பெற்றுவிட்டது என்ற நிறைவு, தொடரமைப்பைப் பற்றிய கேள்வியை எழவொட்டாமல் செய்துவிட்டது. ஆட்சித்தமிழ் ஆய்வு இன்றளவும் பெரிதும் சொற்பட்டியலாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

செயப்பாட்டு வினை தமிழுக்கு முற்றும் அயலானது என்பது இதன் பொருளன்று. செயப்படுபொருளைச் செய்ததுபோலக் கூறுதலும் வழக்கே என்று தொல்காப்பியம் இசைவு தருகிறது. “திண்ணை மெழுகிற்று” என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்வதில்லை. மெழுகியவர் யாரென்பது அவ்வீட்டார்க்கு ஐயமின்றித் தெரியும். ஆகவே சொல்லாமல் விடப்பட்டது. வினைமுதல் தெரிந்திருப்பதால் மறைவது ஒரு வகை. தெரியாமற் போகும்படி மறைவது வேறொரு வகை. வீட்டுத் திண்ணைக்குப் பொருந்திய தொடர் ஊர்ப்பொதுப் பணத்துக்கும் பொருந்துமா என்பதே வினா. திண்ணையை மெழுகிய பெண்ணின் பெயர் அந்த எடுத்துக்காட்டிலும் இல்லை என்பதைப் பெண்ணிய நோக்கில் இலக்கணம் பயில்வோர் சுட்டக்கூடும். அது தனியே எழுதப்பட வேண்டிய கட்டுரை.

வினைமுதல் இல்லாத தொடருக்கு ஒரு நியாயமும் உண்டு. சிறிய ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். ஆக்கிரமிப்பை அகற்றப் பரிந்துரைத்த எழுத்தர் மறுநாள் அதே கடைத்தெருவில் காய்கறி வாங்க வேண்டும். “பரிந்துரைக்கப்படுகிறது” என்ற வினை அவருக்கு ஒரு குடை. அந்தக் குடையைப் பறித்துவிட்டு அவரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது அறமாகாது. மறுக்கவேண்டியது எழுத்தருக்குக் குடை கிடைத்ததை அன்று. தேர்ந்தெடுக்கப்பட்டு, வாக்களிக்கும் உரிமையோடு வந்து அமர்ந்திருக்கும் மன்றமும் அதே குடைக்குள் நிற்பதைத்தான்.

இத்தொடரமைப்பின் தன்மையை வரலாறே ஒருமுறை சோதித்துக் காட்டியது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடைபெற்றது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலான காலத்தில் மன்றம் இல்லை. அதன் அதிகாரங்களைத் தனி அலுவலர்கள் செலுத்தினர். நகராட்சிகளில் ஆணையர்களே அப்பொறுப்பையும் வகித்தனர். அதாவது, பொருளை முன்வைப்பவரும் முடிவெடுப்பவரும் ஒருவரே. “சபையோம்” என்று எழுதும் மரபாயிருப்பின் அக்காலத்தில் அத்தொடரை எழுத முடிந்திராது, எழுதினால் பொய்யாகியிருக்கும். “அனுமதிக்கப்பட்டது” என்ற வினைக்கு அந்த இடர் இல்லை. முப்பது பேர் கூடி முடிவெடுத்தாலும் ஒருவர் தனியறையில் முடிவெடுத்தாலும் அது மாறாமல் நிற்கும். மன்றம் இருந்ததும் இல்லாததும் ஒரு தொடரின் இலக்கணத்தில் எவ்வித வேறுபாட்டையும் உண்டாக்கவில்லையெனில், அத்தொடர் எதைப் பதிவு செய்கிறது என்று கேட்பது ஆய்வாளர் கடமை.

‘ஆல் பாஸ்’

கூட்டத்தில் நிகழ்வது வேறு. உறுப்பினர்கள் தம் ஊர்த்தமிழில் பேசுகின்றனர். எங்கள் தெருவில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை, நான் எந்த முகத்தோடு வீட்டைவிட்டு வெளியே வருவது என்ற வகையில் கோபமும் வெட்கமும் கலந்த பேச்சுகள் எழும். வெளிநடப்பு நிகழும். சில கூட்டங்களில் பொருள்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்படுவதற்குள்ளாகவே “ஆல் பாஸ்” என்ற குரல் எழுந்து எல்லாம் ஒருசேர முடிந்துவிடும். பதிவில் முதலாவது “குடிநீர் விநியோகம் குறித்து உறுப்பினர் வினவினார், நடவடிக்கை எடுக்கப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது” என்றாகும். பல வேளைகளில் அதுவும் இராது. இரண்டாவது “ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது” என்றாகும். ‘ஆல் பாஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேட எந்த அகராதியும் முனையவில்லை. ஆனால் நகர்மன்ற நடைமுறையை அதைவிடத் துல்லியமாகக் கூறும் சொல் வேறில்லை.

பேச்சை எழுத்தாக்கும்போது சுருக்கம் தவிர்க்க இயலாதது. எது சுருக்கப்படுகிறது என்பதே நோக்கத்தக்கது. மேற்காட்டிய பேச்சில் மூன்று செய்திகள் உள்ளன: இடம், பத்து நாள் என்ற கால அளவு, பேசுபவர் தம் வாக்காளருக்குக் கடன்பட்டவர் என்ற உணர்வு. மூன்றும் பதிவில் இல்லை. கால அளவு போனதால் அடுத்த கூட்டத்தில் அதே முறையீடு வரும்போது அது இருபதாம் நாளா நாற்பதாம் நாளா என்று ஆவணத்தைக் கொண்டு அறிய வழியில்லை. ஒவ்வொரு முறையும் அது புதிய வினவலாகவே பிறக்கிறது.

பெண்களுக்கு உள்ளாட்சிகளில் 50 விழுக்காடு இட ஒதுக்கீடு தருவதற்கான சட்டத்திருத்தம் 2016இல் வந்தது. 2022 தேர்தலில் அவ்வடிப்படையில் பலர் முதன்முறையாக மன்றத்துக்குள் வந்தனர். ஒதுக்கீட்டால் மன்றத்தின் முகம் மாறியது. தீர்மானத்தின் குரல் மாறவில்லை. அவர்கள் பேசினரா, என்ன பேசினர், அவர்களுக்குப் பதிலாக வேறெவரும் பேசினரா என்பதைத் தீர்மானப் பதிவை மட்டும் கொண்டு எழுத முனையும் எதிர்கால வரலாற்றாசிரியர் வெறுங்கையோடு திரும்புவார்.

இவ்வகையின் இன்னொரு கூறு ‘பின்னேற்பு’. அவசரம் கருதித் தலைவரின் முன் அனுமதியோடு செய்யப்பட்ட பணிக்கு மன்றம் பின்னர் ஒப்புதல் தருவது இது. வெள்ளத்தில் உடைந்த குழாய்க்கு மன்றம் கூடும்வரை காத்திருக்க இயலாது; ஆதலின் ஏற்பாடு நியாயமானதே. ஆனால் பின்னேற்பில் மன்றம் எதை முடிவு செய்கிறது? பணி முடிந்துவிட்டது, பணம் கடன்பட்டுவிட்டது. “இல்லை” என்று சொல்லும் வாய்ப்பு இலக்கண அளவில் இருக்கிறது, நடைமுறையில் அற்றுவிட்டது. நிகழ்ந்து முடிந்ததை நிகழட்டும் என்று சொல்லும் இவ்வினைக்குத் தமிழ் இலக்கணத்தில் கால இடம் எது என்று கேட்டால் விடை எளிதன்று.

புனைகதையில் நகராட்சி

பதிவேட்டில் விடுபட்ட குரல்களைப் புனைகதை எடுத்துக்கொண்டது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் வெளிவந்தது. நகராட்சித் தேர்தலும் கடைத்தெருப் போட்டியும் செய்தித்தாள் வம்பும் ஒரு மரத்தைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும் விதத்தைச் சொல்லும் நாவல் அது. விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவின் உருவகம் என்ற அளவிலேயே அதைப் பெரும்பாலோர் வாசித்துள்ளனர். அவ்வாசிப்பு தவறன்று, ஆனால் உருவகத்தை நோக்கி விரைந்ததில் நகராட்சியை நகராட்சியாகவே காணத் தவறிவிட்டோம். மரத்தின் உயிர் ஊராரின் விருப்பு வெறுப்பால் மட்டும் முடிவதில்லை; அது ஒரு பொதுச்சொத்து என்பதால் மன்றப் பொருளாகவும் ஆகிறது. முடிவில் மரம் வெளிப்படையான கோடரிக்கு இரையாவதில்லை. மறைவாக நஞ்சூட்டப்பட்டுப் பட்டுப்போகிறது. “பட்டுப்போயிற்று” என்பது தன்வினை. ஊர்ப் பேச்சில் அதற்கு வினைமுதல் தேவைப்படாது. நாவலாசிரியர் செய்தது அந்த வினைமுதலை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நிரப்பியதே: தாமு, அப்துல் காதர், செய்தியாளன் இசக்கி. தாமோதர ஆசானைச் சூழ்ந்திருந்து கதை கேட்கும் இளைஞர் கூட்டத்தின் குரலில் கதை சொல்லப்படுவதும் தற்செயலன்று. கல்வெட்டில் இருந்து பதிவேட்டில் தொலைந்துபோன ‘ஓம்’ இந்நாவலின் ‘நாங்கள்’ என்பதில் மீண்டும் கேட்கிறது.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’ நாவலையும் தமிழாக்கியவர் சுந்தர ராமசாமியே. களம் ஆலப்புழை நகராட்சி. மாந்தர் தமிழகத்திலிருந்து சென்று மலம் அள்ளும் தொழிலில் தலைமுறையாகச் சிக்கியவர்கள். இவர்களுக்கு நகராட்சி என்பது மன்றமன்று, ஓவர்சியர். கூலியைப் பிடிப்பவரும் வேலையைத் தருபவரும் அவரே. “துப்புரவுப் பணி மேற்கொள்ளப்பட்டது” என்று ஒரு பதிவேட்டில் வரும் செயப்பாட்டு வினைக்குப் பின்னால் இருக்கும் உடல்களை இந்நாவல் வாளியோடும் மண்வெட்டியோடும் முன்னே நிறுத்துகிறது. திண்ணை மெழுகிற்று என்ற தொடருக்கு இதைவிடக் கடுமையான உரை எழுதப்பட்டதில்லை.

ஆர்.கே. நாராயணின் ‘லாலி ரோடு’ ஆங்கிலச் சிறுகதையாயினும் ஒரு காரணத்தால் இங்கே உரியது. விடுதலைக்குப் பின் மால்குடி நகர்மன்றம் தெருப்பெயர்களை மாற்றுகிறது. லாலி துரையின் சிலையை அகற்றுகிறது. லாலி உண்மையில் ஊருக்கு நன்மை செய்தவர் என்று தெரியவந்ததும் சிலையை மீட்க வேண்டியதாகிறது. அதற்கு நகர்மன்றத்தில் வழியில்லை. தலைவர் தம் சொந்தப் பணத்தில், சிலை கிடக்கும் வீட்டையே வாங்க நேர்கிறது. கூட்டாக எடுத்த முடிவின் கடன் தனியொருவர் தலையில் விழுவதன் நகைப்பு அது. நடைமுறையில் பெரும்பாலும் இதன் மறுதலையே நிகழ்கிறது. தனியொருவர் எடுத்த முடிவின் கடன் கூட்டத்தின் தலையில் விழுகிறது.

தீர்மானத்தின் வாசகர் யார்

எந்த எழுத்துக்கும் அதனுள்ளே உணரப்படும் ஒரு வாசகர் உண்டு. கல்வெட்டு கோயிற் சுவரில் இருந்தது; படிக்கத் தெரியாதவரும் அது அங்கே இருப்பதை அறிவர். நகர்மன்றத் தீர்மானத்தின் உள்ளார்ந்த வாசகர் யார்? வார்டு 7-இல் வசிப்பவர் அல்லர். அவருக்காக எழுதப்பட்டிருந்தால் குழாய் எந்தத் தெருவில், எந்த நாளுக்குள் என்பது முதலில் வந்திருக்கும். உறுப்பினரும் அல்லர்; அவர் சொல்லியது அதில் இல்லை. தீர்மானத்தின் ஒவ்வோர் உறுப்பும், அதாவது நிதித் தலைப்பு, மதிப்பீட்டுத் தொகை, ந.க. எண், குறைந்த ஒப்பந்தப்புள்ளி என்ற குறிப்பு ஆகிய யாவும், உள்ளாட்சி நிதித் தணிக்கையாளரை நோக்கியே நிற்கின்றன. அவர் கேட்கக்கூடிய வினாக்களுக்கு முன்கூட்டியே தரப்பட்ட விடைகள் அவை. அவ்வகையில் இவ்வுரைநடை திறமையானது; தான் எழுதப்பட்ட நோக்கத்தை நிறைவேற்றுகிறது. பொதுப்பணம் தணிக்கைக்கு உட்படுவது நன்றே. உத்தரமேரூர்ச் சபையும் கணக்குக் காட்டாதவரை விலக்கியது. ஆனால் கணக்கைத் தணிக்கையாளருக்குக் காட்டுவதும் ஊருக்குக் காட்டுவதும் ஒன்றல்ல.

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998இல் இயற்றப்பட்டு 2023இல்தான் புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னர், 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளையொட்டி நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. கேட்பவராக மட்டும் இருந்த வார்டுவாசி பேசுபவராகவும் இருக்கக்கூடிய இடம் இது. நன்னூலின் சொற்களில் கூறினால், ‘ஓம்’ என்பது ‘ஆம்’ என்று மாறக்கூடிய இடம். அங்கு நிகழும் பேச்சு எந்தத் தொடரில் எழுதப்படுகிறது என்பதைத் தொடக்கத்திலேயே கவனிக்கத் தமிழ்த்துறைகள் முன்வரலாம். மாவட்டத் தலைநகரிலுள்ள ஒரு கல்லூரியின் முதுகலை மாணவர்கள், தம் ஊர் மன்றக் கூட்டங்களைப் பார்வையாளராக இருந்து கேட்டு, பேச்சையும் பதிவையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டாலே போதிய தரவு கிடைக்கும். இதற்குப் பெருநிதி தேவையில்லை.

மேலே காட்டிய மாதிரித் தொடரைத் தன்மைப் பன்மையில் எழுதிப் பார்க்கலாம்.

“வார்டு 7, கிழக்குத் தெருவில் மூன்று வாரமாகக் குழாய் உடைந்திருப்பதாக அவ்வார்டு உறுப்பினர் கூறினார். பொறியாளர் கேட்ட மூன்று ஒப்பந்தப்புள்ளிகளில் குறைந்ததை ஏற்றுக்கொண்டோம். இருவர் மறுத்தோம். மாத இறுதிக்குள் பணியை முடிக்கப் பொறியாளரைப் பணித்தோம்.”

சொற்கள் கூடவில்லை என்றே சொல்லலாம். புதிய கலைச்சொல் ஒன்றும் இல்லை. ஆனால் இத்தொடரை எழுத வேண்டுமாயின் எழுதுபவர் தெருவின் பெயரைக் கேட்டறிந்திருக்க வேண்டும். மறுத்தவர்களை எண்ணியிருக்க வேண்டும். மறுத்த இருவரும் அடுத்த கூட்டத்தில் அப்பக்கத்தைப் படித்துத் தம் ‘ஓம்’ சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்து ஒப்பமிட வேண்டும்.